நாய் நம்மை நக்கும்போது என்ன கேட்கிறது?

எல்லோருக்கும் வணக்கம். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் நாய் ஓடிவந்து முகத்தை நக்குகிறதே, அது பாசமா, பசியா என்று நாய் வளர்ப்பவர்கள் கேட்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அது புரிய, குட்டி பிறக்கும் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காது கேட்காது. மெல்லிய உறைக்குள் சுருண்டபடி வெளியே வரும். தாய் அந்த உறையைக் கிழித்து, குட்டியின் முகத்தை நக்கி, மூக்கையும் வாயையும் அடைத்திருக்கும் நீரை அகற்றும். அந்த உரசல்தான் குட்டியை மூச்சு இழுக்கத் தூண்டுகிறது. முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குக் குட்டியால் சிறுநீர், மலம்கூடத் தானாகக் கழிக்க முடியாது. தாய் அடிவயிற்றையும் கழிவு வெளியேறும் இடத்தையும் நக்கிவிட வேண்டும். தாயை இழந்த குட்டியை எடுத்து வளர்த்தவர்கள் இங்கே இருந்தால் அவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பால் கொடுத்ததும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் அந்த இடத்தை மெதுவாகத் துடைத்துவிட வேண்டும். பால் மட்டும் கொடுத்துவிட்டு இதை விட்டுவிட்டால் குட்டி பிழைப்பது கஷ்டம்.

ஆக, குட்டி முதலில் அறியும் பராமரிப்பே நாவின் வழியாகத்தான் வருகிறது. கொஞ்சம் வளர்ந்ததும் குட்டியே நக்கத் தொடங்கும். நாயின் நெருங்கிய உறவான ஓநாய்களின் கூட்டத்தில், வேட்டைக்குப் போன பெரியவை வயிற்றில் இறைச்சியோடு திரும்பும். குட்டிகள் ஓடிப்போய் அவற்றின் வாயோரத்தை நக்கி, மூக்கால் முட்டும். உடனே பெரிய ஓநாய் விழுங்கியதைக் கக்கிக் கொடுக்கும். குட்டிகளுக்குப் பாலுக்கு அடுத்த சாப்பாடு அதுதான். நாய்களிலும் சில தாய்கள் இப்படி ஊட்டுவதுண்டு.

சரி, குட்டிகள் சோற்றுக்காக நக்குகின்றன. வளர்ந்தவை ஏன் நக்குகின்றன? சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கெல் ஓநாய்களையும் நாய்களையும் பற்றி 1967இல் எழுதிய கட்டுரை இதை நன்றாக விளக்குகிறது. வளர்ந்த ஓநாயும் கூட்டத்தில் தன்னைவிட உயர்ந்ததன் முன்னால் காதை மடித்து, உடலைத் தாழ்த்தி, வாலை ஆட்டி, அதன் வாயோரத்தை நக்குகிறது. குட்டிப் பருவத்தில் சோறு கேட்ட அதே செயல் இப்போது உறவைக் கேட்கிறது. இதைப் பயத்தில் பணிவதாக ஷெங்கெல் பார்க்கவில்லை, நட்பை நாடும் முயற்சியாகப் பார்த்தார். எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இது. உங்கள் நாய் ஏன் மேலே தாவுகிறது என்பதும் இதில் புரிந்துவிடும்: நம் வாய் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நாம் குனிந்து உட்கார்ந்தாலே பல நாய்கள் தாவுவதை நிறுத்திவிடும்.

வேறு காரணங்களும் உண்டு. வியர்வையின் உப்பு, கையில் ஒட்டியிருக்கும் குழம்பு வாசனை இவையெல்லாம் நாயை இழுக்கும். அப்புறம், நாம் காட்டும் எதிர்வினையும் முக்கியம். நக்கியதும் சிரிக்கிறோம், தலையைத் தடவுகிறோம்; அது போதும், நாளைக்கும் நக்கும்.

அழுகிறவரை நாய் தேடிவந்து நக்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். லண்டனில் டெபோரா கஸ்டன்ஸ், ஜெனிஃபர் மேயர் என்ற இரு ஆய்வாளர்கள் 18 நாய்களை வைத்து இதைச் சோதித்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ப்பவரும் முன்பின் தெரியாத ஒருவரும் மாறி மாறிப் பேசினார்கள், முணுமுணுத்துப் பாடினார்கள், அழுவதுபோல நடித்தார்கள். பெரும்பாலான நாய்கள் அழுதவரிடம்தான் போயின. அழுதவர் அந்நியராக இருந்தபோதும் அவரிடமே போயின. நாய்க்கு நம் துக்கம் புரிகிறது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அந்த ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. அழும்போது பக்கத்தில் போனால் கொஞ்சுவார்கள் என்று அது முன்பே பழகியிருக்கலாம். எப்படியிருந்தாலும் நாம் அழும்போது அது நம்மைத் தேடி வருகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நக்குவதெல்லாம் அன்பும் அல்ல. குழந்தை நாயை இறுக்கிக் கட்டிப்பிடிக்கிறது, நாய் உடலை விறைத்து, முகத்தைத் திருப்பி, கண்ணின் வெள்ளை தெரிய, குழந்தையின் முகத்தில் சட்டென்று நக்குகிறது. 'பாரு, முத்தம் கொடுக்குது' என்று படம் எடுக்காதீர்கள். 'என்னை விடு' என்று அது கேட்கிறது. உடனே குழந்தையை விலக்குங்கள். அதேபோல, தரையையும் சுவரையும் சோபாவையும் ஓயாமல் நக்கும் நாயைக் கெட்ட பழக்கம் என்று திட்டாதீர்கள். கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தினர் அப்படிப்பட்ட 19 நாய்களைப் பரிசோதித்தபோது 14 நாய்களுக்கு வயிற்றிலோ குடலிலோ கோளாறு இருந்தது தெரிந்தது. மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி நான் மிகவும் கவலையோடு பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். நாய் நக்கினால் புண் ஆறும் என்று நம்பி, காலைக் காட்டிக்கொண்டு உட்காருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாயின் எச்சிலுக்குச் சில கிருமிகளைக் கொல்லும் திறன் ஓரளவு உண்டு என்பது நிஜம். ஆனால் அதே எச்சிலில்தான் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயின் கிருமியும் வருகிறது. நோயின் அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்பே எச்சிலில் கிருமி இருக்கும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் நாயிடமிருந்தும் தொற்றலாம். மனிதருக்கு அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை.

ரேபிஸ் தொற்றும் ஆபத்தை உலக சுகாதார நிறுவனம் மூன்று வகையாகப் பிரித்திருப்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காயமில்லாத தோலை நாய் நக்கினால் கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. காயத்தை நக்கினாலோ, எச்சில் கண்ணிலோ வாயிலோ பட்டாலோ அது மூன்றாம் வகை, அதாவது ஆபத்து மிக அதிகமான வகை. தோலைத் துளைத்த கடியும் இதே வகைதான். இதற்குத் தடுப்பூசியோடு, கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போட வேண்டும். 'கடிக்கவில்லையே, நக்கத்தானே செய்தது' என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தவணைகளைப் பாதியில் விடாதீர்கள்.

குட்டி நாய் தானே என்ற அலட்சியமும் வேண்டாம். குட்டிக்கும் ரேபிஸ் வரும். தெருவிலிருந்து ஒரு குட்டியைப் பிள்ளைகள் தூக்கிவந்தால் திட்டி விரட்டாமல் வளருங்கள். மூன்று மாதம் ஆனதும் முதல் ரேபிஸ் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் அடுத்தடுத்த ஊசிகள். அதுவரை பிள்ளைகளின் கையில் காலில் சிராய்ப்பு இருந்தால், அந்த இடத்தை மூடிவிட்டு விளையாட விடுங்கள்.