மூடிக் கிடந்த கணப்படுப்பும் ஊறிய சுவரும்: ஹட்டன் நேயருக்கு விளக்கம்

ஹட்டனிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கிறார். தோட்டத் துரைமார் குடியிருந்த பழைய பங்களா ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றி வருகிறார். முன் ஹோலில் அடித்திருந்த ஹார்ட்போட்டைக் கழற்றியபோது, செங்கல் வைத்து அடைத்த கணப்படுப்பு (குளிர்காயச் சுவரில் அமைத்த அடுப்பு) ஒன்றும், அதைச் சுற்றி இடுப்பளவுக்கு ஊறிப்போன சுவரும் வெளிப்பட்டனவாம். பலகைத் தரையும் அந்தப் பக்கமாகவே சரிந்திருக்கிறது. சீமெந்து பூசி மறைத்துவிடலாம் என்கிறார் மேசன் பாஸ். என்ன செய்வது என்பது கேள்வி.

ஐயா, சீமெந்தை மட்டும் இப்போதைக்கு நிறுத்தச் சொல்லுங்கள். பாஸ் மீது குற்றமில்லை. புதிய பிளாக்கல் சுவருக்கு அது சரியான வேலைதான். ஆனால் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர், உறிஞ்சிய ஈரத்தை மேற்பரப்பின் வழியே காற்றுக்கு விட்டுத்தான் உலரும். அதன்மேல் சீமெந்து ஏறினால் ஈரம் உள்ளே அடைபட்டு, மேலும் உயரத்துக்கு ஏறி, சில மழைக்காலங்களில் பூச்சையே பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிடும்.

முதலில் வெளியே போய் அந்தச் சுவரின் அடியைப் பாருங்கள். மலைச்சரிவில் கட்டிய வீடுகளில் மேட்டுப் பக்கத்து மண் ஆண்டுக்காண்டு கரைந்து வந்து சேரும். போதாக்குறைக்கு அதன்மேல் பூப்பாத்தியும் போட்டிருப்பார்கள். இப்படி வெளிநிலம் உள்தரையைவிட உயரும்போது, பலகைக்குக் கீழே காற்றோட்டத்துக்காக விட்ட துவாரங்கள் புதைந்துபோகின்றன. சுவர் ஊறுவதும், தாங்குமரங்களின் முனை உளுத்துத் தரை சரிவதும் பெரும்பாலும் இந்த ஒரே காரணத்தால்தான். துவாரங்களுக்குக் கீழே வரும்வரை மண்ணை இறக்கி, சுவரோரமாக நீர் வடியக் கான் வெட்டி, துவாரங்களுக்கு எலி நுழையாத கம்பிவலை அடியுங்கள். உங்கள் பக்கத்தில் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை பெய்வதால், சீமெந்துக்குப் பதிலாகப் பூச வேண்டிய சுண்ணாம்புப் பூச்சை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது.

கணப்படுப்பைத் திறந்தே விடுங்கள். புகைபோக்கியின் மேல்வாயையும் கீழ்வாயையும் முழுதாக அடைத்தால் உள்ளே ஈரம் தேங்கும். கரியில் உள்ள உப்புகள் அந்த ஈரத்தோடு கசிந்து, எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் பழுப்புக் கறையாக வெளியே வரும். மேலே மழை விழாமல் மூடியிட்டு, காற்றுக்கு வழி விடுங்கள். கறை பிடித்த பழைய பூச்சை அந்த இடத்தில் மட்டும் கழற்றி, செங்கல்லை அப்படியே தெரியவிட்டால், மறைக்க நினைத்த பகுதியே ஹோலின் முகமாகிவிடும்.

தரையில் உளுத்த பலகைகளுக்குப் புதுப்பலகை போட்டால் நிறம் காட்டிக்கொடுக்கும். ஆகவே களஞ்சிய அறையின் பழைய பலகைகளைப் பெயர்த்து ஹோலில் போட்டு, புதியவற்றைக் களஞ்சியத்தில் போடுங்கள். யாரும் அங்கே குனிந்து பார்க்கப்போவதில்லை. சீலிங்கில் அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

இப்படிப்பட்ட ஆச்சரியங்கள் நம் பக்கத்தில் இயல்பானவை. 1869 இல் கோப்பி இலைநோய் தொடங்கி அந்தப் பயிரே அழிந்தபின் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. கோப்பிக் காலத்தில் சிறிதாகக் கட்டிய வீட்டைத் தேயிலைக் காலத்தில் நீட்டியிருந்தால், ஒரே அறையில் இரண்டு வகைச் சுவர் இருக்கும். கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை விடுதியானபோது, பழைய இயந்திரத்தை அப்புறப்படுத்தாமல் காட்சியாகவே வைத்தார்கள். அந்தத் துணிச்சல் சின்ன வேலைகளுக்கும் வேண்டும்.

பொகவந்தலாவைப் பக்கம் நான் பார்த்த ஒரு பங்களாவில், கணப்பின் வாயைத் தேயிலைப் பெட்டிப் பலகையால் அடைத்திருந்தார்கள். தோட்டத்தின் பெயரும் நிறையும் கறுப்பு மையில் அரைகுறையாகத் தெரிந்தன. எரிக்கப்போன அந்தப் பலகைகளை வாங்கி, கணப்புக்குப் பக்கத்திலிருந்த மாடத்துக்குக் கதவாக அடித்தோம். விருந்தினருக்கான கம்பளிகள் இப்போது அதற்குள்தான் இருக்கின்றன.