பெயர் உள்ள மரங்கள்

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலிகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த நூலகர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஓவியம் கற்றுத் தந்து, இன்று இந்தத் தள்ளாத வயதிலும் வந்திருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். தலைவர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. வேறு நிகழ்ச்சிக்குப் போக வேண்டியவர், என் பேச்சைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

டச்சு ஓவியர் பில்டர்ஸைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்திருக்கிறேன். அவர் வரைந்த மரங்கள், அவர் மகன் தேடிய நிறம், அவரிடம் வந்த இளைஞர்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வதற்குத்தான் இதை எடுப்போம். எனக்கு இது ஊரைப் பற்றிய பழமொழி.

யோஹன்னஸ் வார்னார்டஸ் பில்டர்ஸ் 1811-இல் உட்ரெக்ட் நகரில் பிறந்தவர். ஆர்னம் பக்கத்தில், ரைன் ஆற்றங்கரையில் ஓஸ்டர்பேக் என்று ஒரு கிராமம். 1840களில் அங்கே குடிபோனார். நடுவில் ஊர் ஊராக மாறினாலும் அந்த மண் அவரை விடவில்லை. 1890-இல் கண் மூடியதும் அங்கேதான். நெதர்லாந்து என்றால் தட்டையான வயலும் காற்றாலையும்தானே நினைவுக்கு வரும்? இந்த வட்டாரம் அப்படியில்லை. மேடு, ஓடை, ஊதாப்பூ பூக்கும் புதர்வெளி. பக்கத்து வுல்ஃப்ஹேஸவில் நூற்றாண்டுகள் கண்ட ஓக் மரங்கள். அந்த மரங்களுக்கு ஓவியர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்: வோடன் ஓக். வோடன் என்பது பழைய ஜெர்மானியர் கும்பிட்ட கடவுள்.

சில வருடம் முன்பு என் மகன் வீட்டுக்குப் போனபோது அங்கே போயிருந்தேன். மழை விட்டு, ஓடைப் பக்கமெல்லாம் சொதசொதவென்று இருந்தது. ஒரு மரத்தின் அடி பொந்து விழுந்து கிடக்கிறது, நான் உள்ளே கை விட்டால் முழங்கை வரை போகிறது. பட்டையின் வெடிப்பில் பாசி. ஆனால் உச்சியில் தளிர்! உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். நாயோடு வந்த ஒரு பாட்டி நின்று பார்த்தார். எந்த ஊர், என்ன வேலை என்று ஆங்கிலத்தில் விசாரித்தார். அப்புறம், "உங்கள் வீட்டு வாசலில் மரம் உண்டா?" என்றார். "உண்டே, வேப்பமரம்" என்றேன். "அது அதன் சாதி. அதன் பெயர் என்ன?" என்றார். ஐயா, நாற்பது வருடமாக அந்த நிழலில் வண்டி நிறுத்துகிறவன் நான். பதில் சொல்ல முடியவில்லை. அவர் விடவில்லை. "பெயர் இல்லையென்றால், அதை வெட்டினால் யார் போனதாகச் சொல்வீர்கள்?" என்றார். நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது. நான் அன்று படத்தை முடிக்கவில்லை.

நான் படித்த பள்ளியில் ஓர் அரசமரம் இருந்தது. சைக்கிள் கொட்டகைக்காக ஒரு கோடை விடுமுறையில் வெட்டிவிட்டார்கள். திறந்த பிறகு யாரும் கேட்கவில்லை. சுவர் இருந்தால்தான் சித்திரம். அந்தச் சுவரைத்தான் அன்று இடித்தார்கள்.

பில்டர்ஸைத் தேடி ஓஸ்டர்பேக்குக்கு வந்த இளைஞர்களில் ஒருவர் அன்டன் மாவ. பின்னாளில் வான்கோவுக்குத் தூரிகை பிடிக்கச் சொல்லித் தந்த அதே மாவ. இதைவிட ஓர் ஊருக்கு என்ன பெருமை வேண்டும்? பில்டர்ஸின் மகன் கெரார்டும் ஓவியர்தான். அவர், மணக்கிற, வெதுவெதுப்பான சாம்பல் நிறத்தைத் தேடுவதாக 1860-இல் எழுதினார். 26 வயதில் போய்விட்டார். அந்த நிறத்தைப் பற்றி விரிவாகப் பேச இன்று நேரமில்லை, தலைவர் மன்னிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரில், 1944 செப்டம்பரில் பிரிட்டிஷ் பாராசூட் படை இறங்கியதும் அந்த வட்டாரத்தில்தான். ஓஸ்டர்பேக் சின்னாபின்னமானது. அதையும் தாண்டி அந்த ஓக் மரங்களில் சில இன்றும் நிற்கின்றன. பில்டர்ஸ் 1866-இல் தீட்டிய வுல்ஃப்ஹேஸ புதர்வெளி ஆம்ஸ்டர்டாமில் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சித்திரமும் இருக்கிறது, சுவரும் இருக்கிறது.

அதனால் நகர்மன்ற உறுப்பினர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். நம் ஊரின் ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் பெயர் வைப்போம். பள்ளிப் பிள்ளைகள் அதன் கீழே உட்கார்ந்து வரையட்டும். மரத்தில் ஆணி அடிக்காமல், பக்கத்தில் பலகை நடுவோம். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். போகும்போது உங்கள் தெரு மரத்தின் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். முதல் வரியில் என் வாசல் வேம்பை எழுதியிருக்கிறேன். அவள் பெயர் பெரியாயி.