வாசல்வரை வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

செவிலியர்களுக்கும் ஆலோசகர்களுக்கும் என் வணக்கம்.

பால்வினை நோய்ப் பிரிவுக்கு மக்கள் வராததற்கு வெட்கத்தையே காரணமாகச் சொல்லிப் பழகிவிட்டோம். வெட்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதை விழுங்கிக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டவரை நாம் எப்படி நடத்துகிறோம்? ஓ.பி. சீட்டு எழுதுமிடத்தில், பின்னால் ஒரு கூட்டமே நிற்க, "என்ன தொந்தரவு?" என்று உரக்கக் கேட்கிறோம். கூலி வேலைக்குப் போகும் பெண் அன்றைய சம்பளத்தை இழந்து, காலை முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். முடிவு வாங்க இன்னொரு நாள் வரச் சொல்கிறோம். அவள் வருவதில்லை. பழியை அவள்மேலேயே போடுகிறோம். இது அநியாயம்.

மறுபடி வரமாட்டார் என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு ஒன்று நம்மிடமே இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் 7 வண்ண மருந்துப் பெட்டிகளைத்தான் சொல்கிறேன். சிறுநீர்த்தாரையில் கசிவு என்றால் சாம்பல் நிறம், கீழ்வயிற்று வலிக்கு மஞ்சள். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே மருந்து கைக்கு வந்துவிடும். சரி, அறிகுறியே இல்லாதவருக்கு? கிளமிடியா என்ற பால்வினை நோய்க் கிருமி தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டுத் தாய்மையே தடைபடலாம்.

லண்டனில் டீன் ஸ்ட்ரீட் எக்ஸ்பிரஸ் என்ற அரசு மருத்துவப் பிரிவை 2014இல் தொடங்கினார்கள். அறிகுறி இல்லாதவர்களுக்கென்றே தனி வழி. வருபவர் தொடுதிரையில் பதிந்துகொண்டு, தனியறையில் தம் மாதிரியைத் தாமே எடுத்துக் கொடுத்துவிட்டுப் போகலாம். தொடங்கிய காலத்தில் சுமார் 6 மணி நேரத்தில் கைபேசிக்கு முடிவு வந்துவிட்டது. மருத்துவரின் நேரம் நோயுற்றவருக்கு மிஞ்சுகிறது. இது பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்காதீர்கள். காசநோய்க்காக நம் மருத்துவமனைகளில் இருக்கும் சிபிநாட் கருவியும் அங்கே பயன்பட்ட கருவியும் ஒரே குடும்பம். மாதிரியை இடும் கார்ட்ரிட்ஜை மாற்றினால் கிளமிடியாவையும், இன்னொரு பால்வினை நோயான கொனோரியாவையும் கண்டறியலாம்.

அந்தச் சோதனை இங்கே வரும்வரை செலவில்லாமல் செய்யக்கூடியதைச் செய்வோம். பெயர் சொல்லிக் கூப்பிடாமல் டோக்கன் எண் சொல்லி அழையுங்கள். வாரத்தில் இரண்டு மாலையாவது பிரிவைத் திறந்து வைக்கக் கேளுங்கள். 1097 என்ற இலவச தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். முடிவைக் கைபேசியில் அனுப்புவதானால், எந்த எண்ணுக்கு அனுப்பலாம் என்று வந்த பெண்ணிடமே முதலில் கேளுங்கள். பல வீடுகளில் கைபேசி கணவர் கையில்தான் இருக்கிறது. செய்தியில் நோயின் பெயரோ பிரிவின் பெயரோ இருக்கவே கூடாது.