நடுவர் என்ன வேலை பார்க்கிறார்?

(கும்பகோணத்தில் ஒரு நாடகப் போட்டியின் தொடக்க நாளில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து என் கைக்கு மைக் வரும்போது மணி எட்டாகப் போகிறது, அதனால் நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அழைப்பிதழின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். நாடகத்தின் பெயர், குழுவின் பெயர், இயக்கம் யார், ஒளி யார், ஒப்பனை யார் என்று எல்லாம் அச்சாகியிருக்கிறது. நடுவர்கள் என்ற இடத்தில் மட்டும் மூன்று பெயர், மூன்று பட்டம், முடிந்தது. இவர்கள் என்ன தொழில் பார்த்தவர்கள், நாடகத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வரி இல்லை. நானும் பல ஊர்களில் நடுவராக உட்கார்ந்தவன்தான். 'பேராசிரியர்' என்று போடுவார்கள், எந்தப் பாடத்துக்குப் பேராசிரியர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. தாவரவியல்.

பக்கத்து நாற்காலிக்காரர்களைக் கவனித்துக்கொண்டே வந்ததில் ஒன்று தெரிகிறது. யாரும் தன் வேலையைக் கழற்றி வைத்துவிட்டு நாடகம் பார்ப்பதில்லை. தமிழாசிரியர் ழகரம் வழுக்கினால் உடனே பேனாவைத் திறப்பார். வக்கீலுக்குக் கதையில் இருக்கிற ஓட்டை முதலில் தெரியும், வங்கி மேலாளருக்குக் கடிகாரம். ஒரு டாக்டர், கதாநாயகன் உயிர்விடுகிற காட்சியில் அரங்கமே அழுதுகொண்டிருக்கும்போது, "இவ்வளவு நீளமாகப் பேசிக்கொண்டே யாரும் மாரடைப்பில் சாக மாட்டார்கள் சார்" என்று என் காதில் சொன்னார். சொன்னதோடு நிற்கவில்லை, மார்க்கையும் குறைத்தார். அவர் கண்ணுக்குப் பட்டது சரிதான். ஆனால் அதே கோபத்தில் இசைக்கும் மேடையமைப்புக்கும் சேர்த்துக் குறைத்தாரே, அதுதான் என்னால் ஏற்க முடியாதது.

இன்னொன்று சொல்கிறேன். திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமத்துப் போட்டியில் விவசாயக் கூலிகளைப் பற்றி ஒரு நாடகம். நடவுக் காட்சி, குலவைச் சத்தம், பாட்டு, நல்ல விளக்கு, நடுவர் வரிசையில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டோம். பின்னால் பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. முடிந்ததும் ஒரு அம்மா சொன்னார், "ஏன் தம்பி, முன்னாடி நடந்துக்கிட்டே நடுறாங்களே, நட்ட நாத்தையே மிதிக்கிறாங்க, அதைப் பார்த்தா சிரிப்பு வராதா?" நடவு நடுகிறவர்கள் பின்னோக்கித்தான் நகர்வார்கள். காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த மூன்று படித்த ஆட்கள் முன்வரிசையில் இருந்தோம், எங்கள் மார்க் ஷீட்டில் அது ஏறவே இல்லை. அந்த நாடகத்துக்குத்தான் உடல்மொழிக்கான பரிசு.

இந்தச் சிக்கலை யோசித்து வைத்தவர்கள் இல்லாமல் இல்லை. பரதருடைய நாட்டிய சாத்திரத்தில், போட்டி என்று வந்து சச்சரவு எழுந்தால் யாரை உட்கார வைப்பது என்று ஒரு பட்டியலே இருக்கிறது. பத்துப் பேர். வேள்வி தெரிந்தவர், நடிகர், யாப்பு தெரிந்தவர், இலக்கணம் தெரிந்தவர், அரசர், வில்வித்தை தெரிந்தவர், ஓவியர், கணிகை, இசைக்காரர், அரசாங்க சேவகர். வில்லாளிக்கு நாடகத்தில் என்ன வேலை என்று தோன்றும். உடம்பை நிறுத்துகிற நிலை சரியா என்று அவர் பார்க்க வேண்டும். ஆடை அணிகலனை ஓவியர் பார்க்க வேண்டும், காதல் காட்சியைக் கணிகை, சுரத்தையும் தாளத்தையும் இசைக்காரர், உபசாரம் செய்கிற முறையைச் சேவகர். எனக்கு இதில் பிடித்தது பத்து என்ற எண்ணிக்கை இல்லை, அவரவர் தெரிந்ததை மட்டும் பார்க்கட்டும் என்று போட்ட வேலிதான். அரசரே ஆனாலும் பத்தில் ஒருவர். நம் போட்டிகளில் நன்கொடை கொடுத்தவர் அத்தனை கட்டத்திலும் மார்க் போடுகிறார்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சிலப்பதிகாரத்தில் மாதவி அரங்கேறியது இதே காவிரி கடலில் சேருகிற புகாரில். அரங்கேற்று காதையைப் படித்துப் பாருங்கள், ஆடலாசிரியனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், இசையாசிரியனுக்கு, பாட்டு எழுதுகிறவனுக்கு, மத்தளக்காரனுக்கு, குழலுக்கு, யாழுக்கு என்று ஒவ்வொருவர் தகுதியும் விரிவாக வருகிறது. மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று அளவு வரை இருக்கிறது. ஆடியதைப் பார்த்துத் தலைக்கோல் பட்டம் கொடுக்கிற மன்னனுக்குக் கூத்து எவ்வளவு தெரியும்? அதற்கு மட்டும் ஒரு வரி கிடையாது. நம் அழைப்பிதழ் மேல் நான் சொன்ன புகார் அவ்வளவு பழசு.

பழைய கிரேக்கத்தில் ஏதென்ஸ்காரர்கள் வேறு வழியில் போனார்கள். தியோனீசஸ் என்ற கடவுளுக்கு எடுக்கிற நாடகப் போட்டி விழாவில் ஊரின் பத்துக் குலத்துக்கும் ஒருவராகக் குடவோலை மாதிரி சீட்டுக் குலுக்கி நடுவரை எடுப்பார்கள், சாதாரணக் குடிமக்கள், தொழில் எதுவும் கேட்பதில்லை. கி.மு. 468-இல் பார்வையாளர்களுக்குள் கட்சி கட்டிக்கொண்டு தகராறு முற்றவே, சீட்டை விட்டுவிட்டுப் படைத்தளபதி கீமோனையும் உடன் இருந்த தளபதிகளையும் நடுவராக்கினார்கள் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இளம் நாடகாசிரியர் சோபோக்கிளீஸ் ஜெயித்தார், மூத்த நாடகாசிரியர் எஸ்கிலஸ் மனம் நொந்து சிசிலிக்குப் போய்விட்டாராம். அப்புறம் இதே சோபோக்கிளீஸ், இன்று உலகமே கொண்டாடுகிற ஈடிப்பஸ் நாடகத்தைப் போட்டபோது இரண்டாம் பரிசுதான். சீட்டுக் குலுக்கல் ஒரு விஷயத்தில் நல்லது, முன்கூட்டியே யாரையும் கவனிக்க முடியாது. கவனிப்பது என்றால் என்னவென்று இங்கே விளக்க வேண்டியதில்லை.

தொழிலை மட்டும் வைத்து ஆளை எடை போடுவதும் ஏமாற்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. அழைப்பிதழில் அதை மட்டும் போட்டால் யாரோ கனவான் என்று நினைப்போம். தொண்ணூறுக்கு மேல் நாடகம் எழுதி, 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, தானே வேஷமும் கட்டியவர். அதனால் என்ன வேலை பார்த்தார் என்பதோடு, மேடையில் என்ன செய்திருக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

போட்டியே வேண்டாம் என்கிற நண்பர்களும் இருக்கிறார்கள். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்திக்குப் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகம் ஆடுகிறார்கள், மார்க்கா போடுகிறார்கள் என்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இராசராசேசுவர நாடகம் ஆடியவருக்கு வருஷத்துக்கு 120 கலம் நெல் என்று இருக்கிறது, அங்கேயும் நடுவர் இல்லைதான். ஆனால் இன்றைக்கு யாரும் கலம் கணக்கில் நெல் அளப்பதில்லை, பரிசுப் பணத்தில்தான் வேன் வாடகையும் விளக்கு வாடகையும் கட்டுகிறார்கள். அதனால் போட்டி இருக்கும், நடுவரும் இருப்பார்.

அடுத்த வருஷத்துக்கு நான் கேட்பது இவ்வளவுதான். மூன்றை ஆறாக்குங்கள். ஒரு விளக்குக்காரர், ஒரு தையல்காரர், ஒரு தவில்காரர் உள்ளே வரட்டும், அவரவருக்குத் தனித் தாள் கொடுங்கள், தெரியாத கட்டத்தை வெறுமையாக விட அனுமதியுங்கள். போட்டியிடும் குழுவில் மாமன் மச்சான் இருந்தால் அந்த நாடகத்துக்கு அவர் எழுந்து பார்வையாளர் பக்கம் போய்விடட்டும். எல்லாரையும் முன்வரிசையில் அடுக்காமல் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள், பின்னால் வசனம் கேட்கிறதா என்று அவருக்குத்தான் தெரியும். கிராமத்துக் கதை என்றால் வயலில் இறங்கி வேலை செய்கிற அம்மாக்கள் இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். சம்பா நடவு நேரத்தில் விழா வைத்தால் அவர்களுக்கு அன்றைய கூலி போகும், அதை விழாக் குழு கொடுக்க வேண்டும். எங்களுக்குப் போடுகிற பொன்னாடைச் செலவை நிறுத்தினாலே அந்தப் பணம் வந்துவிடும்.