வெட்டும் இடமும் வெட்டும் வரிசையும்

(டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தங்கச்சி தம்பிகளுக்கும் வணக்கம்.

"முதுகு ஆபரேஷனில் எலும்பு வளர்க்கும் புரதம் வைப்பார்களாமே, அது என்னப்பா?" என்று முன்வரிசை ஆயா ஒருவர் கேட்டார்கள். அந்தப் புரதத்தை உடம்பு உண்டாக்கினால் மட்டும் போதாது ஆயா, சரியாக வெட்டவும் வேண்டும்.

1965-ல் மார்ஷல் யூரிஸ்ட், தாதுச்சத்து நீக்கிய எலும்புத் துண்டை விலங்கின் தசைக்குள் வைத்தார். தசைக்கு நடுவே புது எலும்பு முளைத்தது! நம் ஜொஹானஸ்பர்க்கில், விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்து ஊகோ ரிபமோன்டி பபூன்களிடம் இதே வழியில் நெடுங்காலம் ஆராய்ந்தார். நாம் பெருமைப்பட வேண்டிய வேலை. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அப்படி எலும்பை முளைக்க வைக்கும் புரதங்களின் குடும்பத்துக்குப் பி.எம்.பி என்று பெயர். அதில் பி.எம்.பி-4 என்று ஒரு புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த மாலை; இது பிறக்கும்போது 408 அமினோ அமில நீளம். கடைசி 116தான் வேலைக்காரன். முன்பகுதியை வெட்டி எறிவார்கள் என்பதால் வீண் என்று நினைக்காதீர்கள். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, புரதம் ஒழுங்காக மடிந்து ஜோடி சேர்வதே அதைப் பிடித்துக்கொண்டுதான். அது இல்லாவிட்டால் செல்லைவிட்டு வெளியே வருவதே பாடு.

வெட்டுவது ஃபியூரின் போன்ற நொதிகள். வேலைக்காரப் பகுதியை ஒட்டி ஆர்ஜினின், செரின், லைசின், ஆர்ஜினின் என்று நான்கு அமினோ அமிலங்கள் வரிசையாக வரும். அங்கே முதல் வெட்டு. வெட்டிய பிறகும் முன்பகுதி விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். சற்று முன்னால் இன்னோர் இடத்தில் இரண்டாம் வெட்டு விழுந்தால்தான் பிடி தளரும். விழாவிட்டால், ஒட்டியபடியே இருக்கும் இரண்டையும் சேர்த்து, செல்லுக்குள் கழிவை அரைக்கும் பையான லைசோசோம் அரைத்துத் தீர்த்துவிடும். புரதம் எட்டும் தூரமும் குறுகும்.

2006-ல் இரண்டாம் வெட்டைத் தடுத்த எலிகளைப் பார்த்தார்கள். விரைகளும் இனச்செல்களும் பாதிக்கப்பட்டன; கைகால், சிறுநீரகம் நன்றாகவே இருந்தன. ஒரே புரதம்தான், ஆனால் எல்லா உறுப்புக்கும் ஒரே வெட்டுக் கணக்கு இல்லை.

ஆயா கேட்ட மருந்து பி.எம்.பி-2. சீன வெள்ளெலியின் சூலகச் செல்களில் தயாராகிறது. அந்தச் செல்களின் வெட்டும் சக்திக்கும் ஓர் எல்லை உண்டு. வெட்டுப்படாததும் கலந்தே வெளிவரும். கடைசியில் மருந்தாவது முன்பகுதி நீங்கிய ஜோடி மட்டுமே. ஒரு மில்லிலிட்டரில் 1.5 மில்லிகிராம்! உடம்பு தானாகச் சுரப்பதோடு ஒப்பிட்டால் மலையளவு. அது பரவி ஓடாமலிருக்க, கொலாஜன் பஞ்சில் நனைத்து வைக்கிறார்கள். கழுத்துப் பகுதி முதுகெலும்பில் பயன்படுத்தியபோது தொண்டை வீங்கி மூச்சுக்கே ஆபத்தானதால், 2008-ல் அமெரிக்க மருந்துத் துறை எச்சரிக்கை விட்டது. ஆபரேஷன் இடுப்புப் பக்கமா, கழுத்துப் பக்கமா என்பதை ஆயா டாக்டரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.