பாட்டி சொன்ன ஊர் எங்கே இருக்கிறது?

நண்பர்களே, வணக்கம்.

ஆர்மீனியக் குடும்ப வரலாற்றைத் தேடப் புறப்படுகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு ஒன்றுதான். குடும்பப் பெயரைக் கணினியில் தட்டுகிறார்கள். ஆயிரம் ஹகோபியான்கள் வந்து நிற்கிறார்கள். அதில் தன் கொள்ளுத்தாத்தா யார்? தெரியாது. ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, எல்லாம் அழிந்துபோய்விட்டது, ஒன்றும் கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். அழிந்தது நிறைய, உண்மை. ஆனால் அவர்கள் தோற்பது அதனால் அல்ல, தவறான நுனியைப் பிடித்து இழுத்ததால். பெயரை விடுங்கள். ஊரைப் பிடியுங்கள். இன்று நான் சொல்லப்போவது அவ்வளவுதான், மீதி எல்லாம் அதற்கு விளக்கம்.

பெயர் ஏன் உதவாது? ‘யான்’ என்ற விகுதிக்கு ‘இன்னாரைச் சேர்ந்தவர்’ என்று பொருள். ஹகோப் என்ற பாட்டனின் பேரன்கள் ஹகோபியான். ஊருக்கு ஊர் ஹகோப் உண்டு, எனவே ஊருக்கு ஊர் ஹகோபியான் உண்டு. ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லை. போதாததற்குக் கிராமங்களில் இந்தப் பெயர் நிலையாகவும் இல்லை. நம் இனிஷியல் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: தலைமுறைக்குத் தலைமுறை மாறும். அண்ணன் பாட்டன் பெயரைக் கொண்டிருப்பான், அமெரிக்காவுக்குப் போன தம்பி அப்பா பெயரைக் கொடுத்திருப்பான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இரண்டு குடும்பப் பெயர்கள்.

தொழிற்பெயர்கள் கொஞ்சம் பரவாயில்லை. தெர்ஸியான் தையற்காரர் வீடு, தெமிர்ஜியான் கொல்லர் வீடு, கஸான்ஜியான் அண்டா செய்தவர்கள், நல்பந்தியான் குதிரைக்கு லாடம் அடித்தவர்கள். பெயரின் உடல் பெரும்பாலும் துருக்கியோ பாரசீகமோ, வால் மட்டும் ஆர்மீனியம். முன்னால் ‘தெர்’ என்று இருந்தால் கவனியுங்கள். மணமான ஊர்ப் பாதிரியாரின் வழிவந்த குடும்பம் அது. பாதிரியார் பெயர் ஊர்க் குறிப்புகளில் தவறாமல் இருக்கும், அதனால் அந்த இரண்டெழுத்து தங்கம். ‘ஹாஜி’, ‘மஹ்தெஸி’ என்றிருந்தால் ஜெருசலேம் யாத்திரை போய்வந்த முன்னோர்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு தலைவலி. ஒட்டோமான் நாட்டில், அதாவது இன்றைய துருக்கிப் பகுதியில், வாழ்ந்த ஆர்மீனியர் பேசியது மேற்கு ஆர்மீனியம், இன்றைய ஆர்மீனியாவில் பேசுவது கிழக்கு. இரண்டிலும் வல்லின ஒலிகள் இடம்மாறும். ஒருவர் பெத்ரோஸில் ‘ப’வை அழுத்தமாகச் சொல்வார், மற்றவர் மென்மையாக. கரபெத், கிரிகோர், டிக்ரான் எல்லாம் அப்படியே. ரோமன் எழுத்தில் இவை வெவ்வேறு முதலெழுத்துகளில் போய் ஒளிந்துகொள்ளும், அட்டவணையில் ஐம்பது பக்கம் தள்ளி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான்! நம்முடைய ஒரே ‘க’வும் ஒரே ‘ப’வும் ஆங்கில அட்டவணை செய்யாத வேலையைச் செய்கின்றன. ஆகவே ஒரு பெயரைத் தேடும்போது முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள், பிறகு அந்த எழுத்து எந்தெந்த ரோமன் எழுத்தாக மாறக்கூடும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

இப்போது ஊர். ‘நாங்கள் கார்பெர்ட்’ என்று பாட்டி சொல்லியிருப்பார். நாம் வெளியூரில் ‘மதுரை’ என்று சொல்லிவிட்டு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தை மனத்தில் வைத்திருப்போமே, அது போலத்தான். கார்பெர்ட் என்றால் கோட்டை நகரமா, கீழே சமவெளியில் இருந்த மெஸிரேயா, பக்கத்திலிருந்த ஹுசேனிக் கிராமமா? அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் இன்றைய வரைபடத்தில் இந்தப் பெயர்களைத் தேடாதீர்கள். மெஸிரே இன்று எலாஸிக் நகரம். ஹுசேனிக் உலுகென்ட் ஆகிவிட்டது. ஐன்தாப் காசியான்டெப், மராஷ் கஹ்ரமான்மராஷ், ஹாஜின் சாயிம்பெய்லி, ஸெய்துன் சுலைமான்லி, சீஸ் கோஸான். ஆர்மீனியர் தங்களுக்குள் வழங்கிய பெயர் வேறொரு அடுக்கு: செபாஸ்தியா என்றால் சிவாஸ், கரின் என்றால் எர்ஸுரூம், திக்ரானகெர்ட் என்றால் தியார்பகிர். ஒவ்வோர் ஊருக்கும் மூன்று பெயர்களை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைக்காமல் தேட உட்காராதீர்கள்.

ஊரை விட்டு இவர்கள் எப்படிப் போனார்கள் என்பது பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1915 ஏப்ரல் 24 அன்று கான்ஸ்டாண்டிநோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஆர்மீனிய அறிஞர்களும் தலைவர்களும் கைது செய்யப்பட்டார்கள். மே 27 அன்று நாடுகடத்தல் சட்டம் வந்தது. ஆண்களைப் பெரும்பாலும் ஊருக்கு வெளியிலேயே கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நடத்தியே தெற்கே அனுப்பப்பட்டார்கள், இன்றைய சிரியாவில் உள்ள அலெப்போவுக்கும் அங்கிருந்து டெய்ர் எஸ்ஸோர் பாலைக்கும். வீடு, நிலம், கடை எல்லாம் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்று பெயர்சூட்டி ஆணையங்கள் எடுத்துக்கொண்டன. கைவிடப்பட்டதாம்!

ஆனால் இந்தக் குடும்பங்களின் காகிதம் 1915-இல் தொடங்கவில்லை. 1896 முதல் 1908 வரை, அமெரிக்கா போக விரும்பிய ஆர்மீனியர் ஒட்டோமான் குடியுரிமையைத் துறந்து, திரும்பி வருவதில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காகக் குடும்பத்தோடு புகைப்படம் எடுத்தார்கள். பார்த்தால் சாதாரண ஸ்டூடியோ படம் மாதிரியே இருக்கும்: தாய் நாற்காலியில், பிள்ளைகள் சுற்றி நிற்க. திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். பின்புறத்தில் பெயர்கள், ஊர், யார் யாருக்கு என்ன உறவு எல்லாம் அதிகாரிகளின் கையெழுத்தில். ஞாபகத்துக்காக எடுத்த படமல்ல அது. மீண்டும் உள்ளே நுழைந்தால் அடையாளம் கண்டு தடுக்க எடுத்தது. இவை இஸ்தான்புல்லில் உள்ள ஒட்டோமான் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆகவே வீட்டில் உள்ள பழைய படங்களின் முதுகை ஸ்கேன் செய்யாமல் முகத்தை மட்டும் ஸ்கேன் செய்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஸ்டூடியோ முத்திரை ஒன்றே சில சமயம் ஊரைச் சொல்லிவிடும்.

அந்த முதுகில் ஏதாவது எழுதியிருந்தால் இன்னொரு பொறி காத்திருக்கிறது. எழுத்து ஆர்மீனியமாக இருக்கும், ஆர்மீனியம் படித்தவரிடம் கொடுப்பீர்கள், அவர் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு ‘ஒன்றும் புரியவில்லை’ என்பார். காரணம், மொழி துருக்கி. ஐன்தாப், மராஷ், அதனா, கைசேரி பக்கத்து ஆர்மீனியரில் பலருக்கு வீட்டு மொழியே துருக்கிதான், எழுத்து மட்டும் ஆர்மீனியம். நம்மிடம் அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் இருக்கிறதே, அதைத் தெரிந்தவர்களுக்கு இது வியப்பாக இராது. பொருள் புரியவில்லை என்றால் துருக்கி தெரிந்தவர் காதில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

தேதி விஷயத்தில் தவறாதவர் இல்லை. ஒட்டோமான் அலுவலகங்கள் ரூமி என்ற சூரிய ஆண்டுக் கணக்கை வைத்திருந்தன. அதோடு 584 கூட்டினால் நம் ஆண்டு (1917-க்கு முன் ரூமி ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களுக்கு 585), 1900 மார்ச்சுக்குப் பிறகான நாளோடு 13 கூட்ட வேண்டும். ரூமி 1331 ஹஸிரான் 1 என்றால் 1915 ஜூன் 14. இந்த 13 நாள் வித்தியாசம் 1917-இல் ஒழிந்தது, அதற்குப் பிறகு வந்த தாளில் கூட்டினால் தவறாகிவிடும். ‘1333’ என்று மட்டும் இருந்தால் இன்னும் ஆபத்து. ரூமி என்றால் 1917, ஹிஜ்ரி என்றால் 1914 நவம்பரிலிருந்து ஒரு வருடம். ஒருவர் நாடுகடத்தல் நடையில் இறந்தாரா, இரண்டு வருடம் தாக்குப்பிடித்து வாழ்ந்தாரா என்பதே இதில் மாறிவிடும். மாதப் பெயரைப் பாருங்கள்: முஹர்ரம், ஸஃபர் என்றிருந்தால் ஹிஜ்ரி, ஹஸிரான், தெம்முஸ் என்றிருந்தால் ரூமி.

கல்லறைக் கற்களில் தேதி எழுத்துகளில் இருக்கும். ஆர்மீனிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. ரா 1000, ஹி 300, கென் 60, தா 4: கூட்டினால் 1364. ஆர்மீனிய ஆண்டோடு 551 கூட்டுங்கள், 1915. இதைப் பழகிப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னை பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்றும் வழங்கும் ஆர்மீனியன் தெருவில், 1772-இல் கட்டிய மாதா கோயில் தரையில் கற்கள் இருக்கின்றன. அவர்கள் 1915 அகதிகள் அல்லர். 1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஜுல்ஃபா நகரைக் காலிசெய்து இஸ்ஃபஹானுக்குக் கிளப்பிக்கொண்டு போன மக்களின் வழிவந்த வணிகர்கள். உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794-இல் சென்னையில்தான் அச்சாயிற்று. இடம்பெயர்வு இவர்களுக்கு ஒருமுறை நடந்ததல்ல. சரி, பாதைக்குத் திரும்புவோம்.

அமெரிக்காவுக்குப் போனவர்களின் கப்பல் பட்டியல் இருக்கிறதே, அதை எல்லாரும் பார்க்கிறார்கள், பாதிதான் பார்க்கிறார்கள். 1907-க்குப் பிறகு ஒரு பயணியின் வரி இரண்டு பக்கங்களில் ஓடும். தேடல் தளம் இடப்பக்கத்தைக் காட்டும். பெயர், வயது, இனம், கடைசியாகக் குடியிருந்த ஊர், சொந்த நாட்டில் உள்ள நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் அங்கே. அடுத்த படத்துக்குப் போங்கள். வலப்பக்கத்தில்: டிக்கெட் காசு யார் கட்டியது, கையில் எத்தனை டாலர், யாரிடம் போகிறார், அவர் என்ன உறவு, உயரம், நிறம், கண், கடைசிக் கட்டத்தில் பிறந்த ஊர். 1913-இன் பட்டியல் ஒன்றில் ‘தாய், மரியம், ஹுசேனிக்’ என்று இடப்பக்கத்தில் ஒரு சொல் இருந்தால் போதும், அவள் 1913-இல் உயிரோடு இருந்தாள், அங்கே இருந்தாள் என்று தெரிந்துவிடுகிறது. தொழில் என்ற கட்டத்தின் மேல் பின்னாளில் யாரோ கிறுக்கிய எண்களையும் விடாதீர்கள். 1926-க்குப் பிறகு அவர் குடியுரிமைக்கு மனுப்போட்டபோது குமாஸ்தா பட்டியலைச் சரிபார்த்து வைத்த அடையாளம் அது. அந்த மனுவைத் தேட அதுவே வழி.

நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்ற நிலையமாக இருந்த எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. நம்பாதீர்கள். பட்டியல் எழுதப்பட்டது புறப்பட்ட துறைமுகத்தில், கப்பல் கம்பெனிக் குமாஸ்தாவால். எல்லிஸ் தீவில் டிக் அடித்ததோடு சரி. பெயர் மாறியது பெரும்பாலும் பிற்பாடு, குடியுரிமை மனுவில், சொந்தக்காரரின் விருப்பத்தோடு.

நடந்து பிழைத்தவர்களுக்குக் கப்பல் பட்டியல் பல வருடம் கழித்துத்தான் வரும், அல்லது வரவே வராது. அவர்களுக்கு அலெப்போ. அங்கே நாடுகளின் சங்கம் (ஐ.நா.வுக்கு முந்தைய உலக அமைப்பு) நடத்திய மீட்பு இல்லத்தை டென்மார்க்குக்காரரான காரன் யெப்பே கவனித்துவந்தார். பெதுயின் கூடாரங்களிலிருந்தும் குர்து, துருக்கி வீடுகளிலிருந்தும் தப்பிவந்த பெண்களும் சிறுவர்களும் அங்கே வந்துசேர்ந்தார்கள். 1922 முதல் 1930 வரையிலான அதன் சேர்க்கைப் பதிவேடுகளில் ஏறத்தாழ 1700 பேர் இருக்கிறார்கள். ஜெனீவாவில் உள்ள அவற்றின் பக்கங்களை இணையத்தில் பார்க்கலாம். ஒரு பதிவு இப்படி இருக்கும்: வரிசை எண், ஒட்டிய சிறு புகைப்படம், பெயர், தந்தை பெயர், தாய் பெயர், சொந்த ஊர், வயது, வந்த நாள். கீழே நான்கைந்து வரியில் நடந்தது. சில பெண்களின் முகவாயில் பச்சை குத்தியிருப்பது படத்திலேயே தெரியும்.

அந்த நான்கைந்து வரியை எப்படிப் படிப்பது? சொன்னவர் பேசிய மொழி வேறு, எழுதப்பட்டது ஆங்கிலத்தில். ஐந்து வயதில் பிரிந்த பிள்ளைக்குத் தந்தை பெயர் நினைவிருக்கும், குடும்பப் பெயர் இருக்காது. வயதை யாரோ பார்த்து மதிப்பிட்டு எழுதியிருப்பார்கள், எனவே மூன்று நான்கு வருடம் முன்பின் வைத்துத் தேடுங்கள். அநாதை இல்லங்களில் கொடுத்த பிறந்தநாளை அந்தக் குடும்பங்கள் இன்றும் கொண்டாடுகின்றன. கொண்டாடட்டும், ஆனால் அதை ஆதாரமாக வைத்து ஒருவரை நிராகரிக்காதீர்கள். பிள்ளை மறக்காமல் சொன்னது பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான். மறுபடியும் ஊர்!

ஊர் உறுதியானதும் ஹுஷமத்யான் என்கிற நினைவு நூல்களுக்குப் போங்கள். ஒவ்வோர் ஊரிலிருந்தும் தப்பியவர்கள் பாஸ்டன், பெய்ரூட், பாரிஸ் என்று போன இடத்தில் உட்கார்ந்து, தங்கள் ஊரைத் தெருத்தெருவாக எழுதிவைத்தார்கள். எந்த வீடு யாருடையது, தேவாலயம் எங்கே, குளம் எங்கே, எந்தக் குடும்பத்துக்கு என்ன பட்டப்பெயர் என்று கையால் போட்ட வரைபடங்களோடு. குடும்பப் பெயருக்குள் அடங்காதவர்கள் பட்டப்பெயரில் அகப்படுவார்கள். அமெரிக்க ஆர்மீனியப் பத்திரிகைகளில் ‘தேடுகிறேன்’ என்ற தலைப்பில் வந்த சிறு விளம்பரங்களும் அப்படித்தான்: இன்ன ஊர், இன்னாரின் மகன், கடைசியாக அலெப்போவில் பார்த்தது.

மரபணுச் சோதனை பற்றிக் கேட்பீர்கள். செய்யுங்கள், ஆனால் வீட்டில் மூத்தவருக்கு முதலில். 1915-இல் பிரிந்த இரண்டு சகோதரிகளின் பேரப்பிள்ளைகள் சராசரியாக 3 சதவீதம் பகிர்வார்கள், சோதனை தவறாமல் காட்டும். அடுத்த தலைமுறையில் அது 1 சதவீதத்துக்கும் கீழே, பத்தில் ஒரு ஜோடிக்குத் தெரியாமலே போகும். அதற்கும் அடுத்ததில் பாதிப்பேர் நழுவிவிடுவார்கள். இளைஞர்கள் தாங்களே எச்சிலைத் துப்பி அனுப்பிவிட்டு ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். பாட்டி பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பார்.

பொருத்தம் வருகிறவர்களில் சிலர் துருக்கியில் இருப்பார்கள். 2018 பிப்ரவரியில் துருக்கி அரசு தன் குடிமக்களுக்கு வம்சாவளிப் பதிவை இணையத்தில் திறந்துவிட்டது. கூட்டம் தாங்காமல் தளம் விழுந்து, சில நாள் கழித்துத்தான் எழுந்தது. அந்தப் பதிவில் ஒரு பெண்ணின் தந்தை பெயர் ‘அப்துல்லா’ என்றிருந்தால் உடனே ஒரு முஸ்லிம் தாத்தாவைத் தேடிக் கிளம்பாதீர்கள். மதம் மாறியவர்களுக்கு, அல்லது மாற்றப்பட்டவர்களுக்கு, தந்தை பெயராக எழுதுகிற வழக்கமான சொல் அது. அந்த வரியில் அவளுடைய பெயர் புதியது, தந்தை பெயர் பொது. பிறந்த ஊர் என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் உள்ள பெயரை எடுத்துக்கொண்டு, மேசையில் ஒட்டிய தாளுக்குப் போய், அதன் பழைய பெயரைக் கண்டுபிடித்து, அந்த ஊரின் நினைவு நூலில் 1915-க்குப் பிறகு யாருக்கும் தகவல் தெரியாத சிறுமிகள் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று தேடத் தொடங்குங்கள்.