கோட்டுப் பொத்தானும் குமாஸ்தாவும்

நேயர்களுக்கு வணக்கம்.

குற்றவாளியின் மனதைப் படித்து ஆளைச் சொல்லிவிடும் நிபுணர் என்றால், இந்தத் துறையில் முதலில் வரும் பெயர் ஜேம்ஸ் பிரஸ்ஸல். நியூயார்க்கில் 1940இல் முதல் குண்டை வைத்த ஒருவன் 1956இலும் சிக்கவில்லை. போலீஸ் இந்த மனநல மருத்துவரிடம் போனது. குண்டுக்காரன் எழுதிய கடிதங்களைப் படித்த அவர், ஆள் நடுவயதுக்காரன், மணமாகாதவன், பிடிபடும்போது டபுள் பிரெஸ்ட் கோட்டு போட்டு, பொத்தானும் மாட்டியிருப்பான் என்றாராம். 1957 ஜனவரியில் ஜார்ஜ் மெட்டெஸ்கி அப்படித்தான் வீட்டைவிட்டு வெளியே வந்தான்.

ஆனால் போலீஸ் போனபோது அவன் இருந்தது பைஜாமாவில். உடை மாற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள், கோட்டு வந்தது. அவனைக் கண்டுபிடித்தது வேறொருவர். கான் எடிசன் மின்சாரக் கம்பெனியில் ஆலிஸ் கெல்லி என்ற குமாஸ்தா பழைய நஷ்டஈட்டுக் கோப்புகளைப் புரட்டியபோது, குண்டுக்காரனின் கடிதங்களில் இருந்த அதே வார்த்தைகள் ஒரு முன்னாள் ஊழியரின் கோப்பில் இருந்தன. முதல் குண்டோடு கிடைத்த சீட்டே அந்தக் கம்பெனியைத்தான் திட்டியிருந்தது. ஊர் நினைவு வைத்திருப்பது என்னவோ பொத்தானை!

சரி, அப்படியானால் உளவியலால் பயனே இல்லையா? உண்டு. 1980களில் லண்டனிலும் சுற்றுப்புறத்திலும் ரயில் நிலையங்களை ஒட்டிப் பல பாலியல் வன்முறைகள், பிறகு கொலைகள். சந்தேகப் பட்டியலில் ஏறக்குறைய 2,000 பேர். யாரை முதலில் விசாரிப்பது? சர்ரே பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் கேன்டர் சம்பவ இடங்களை வரைபடத்தில் தேதிவாரியாகக் குறித்தார். தொடக்கக் குற்றங்கள் பெரும்பாலும் ஆளுக்குப் பழகிய இடத்தில் நடக்கும், துணிச்சல் வந்த பிறகு தூரம் கூடும் என்பது அவர் கணக்கு. ஆள் லண்டனில் கில்பர்ன் பக்கம் குடியிருக்க வேண்டும், ரயில்வே பற்றித் தெரிந்திருக்க வேண்டும், மணவாழ்க்கை கசந்திருக்கும் என்றார். பட்டியலில் அடியில் கிடந்த ஜான் டஃபி மேலே வந்தான். ரயில்வேயில் தச்சனாக இருந்தவன், வீடு கில்பர்னில். ஆனால் 1988இல் அவனுக்கு ஆயுள் தண்டனை வாங்கித் தந்தது இந்த வரைபடம் அல்ல. பெற்றோர் வீட்டில் கிடைத்த கயிறு, உடையில் ஒட்டியிருந்த நூலிழைகள், உயிர்தப்பிய பெண்களின் சாட்சியம், இவைதான்.

என் கட்சி இதுதான்: குற்றத்தை வைத்து ஆள் எப்படிப்பட்டவன் என்று ஊகித்து எழுதும் இந்தக் குறிப்பு, அதாவது புரொஃபைல், சந்தேகப் பட்டியலின் வரிசையை மாற்றித் தரும் காகிதம், சாட்சி அல்ல. இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே லண்டனிலேயே உதாரணம் இருக்கிறது.

1992 ஜூலை. விம்பிள்டன் காமன் என்ற திறந்தவெளியில், பட்டப்பகலில், சின்ன மகன் கண்ணெதிரே 23 வயதுத் தாய் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். பால் பிரிட்டன் என்ற உளவியலாளர் புரொஃபைல் எழுதினார். அங்கே நாயோடு நடக்கப் போகும் ஒருவர் மீது சந்தேகம் விழுந்தது. அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை, அது போதுமான அளவு அடிபட்டுவிட்டது. அவருக்கு எதிராகத் தடயம் எதுவும் இல்லை. அதனால் ஒரு பெண் போலீஸ் அதிகாரி காதலி வேடம் போட்டு மாதக்கணக்கில் கடிதம் எழுதினார். நானும் ஒரு கொலையில் பங்கெடுத்தவள் என்றுகூடத் தூண்டில் போட்டார். அந்த மனிதர் கற்பனையில் என்னென்னவோ எழுதினார், கொலை செய்ததாக மட்டும் சொல்லவே இல்லை. அவர் கற்பனை புரொஃபைலோடு பொருந்துகிறது என்றே கைது செய்தார்கள். தனிமையில் வாடுகிற ஆணிடம் ஆசை காட்டி, அவன் எழுதியதையே சாட்சி என்றால் யார்தான் தப்புவார்கள்? 1994 செப்டம்பரில் நீதிபதி ஆக்னால் அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்தார், வழக்கு விழுந்தது. அதற்குள் அந்த மனிதர் ஓராண்டுக்கு மேல் சிறையில் கழித்திருந்தார்.

உண்மையான கொலையாளி ராபர்ட் நேப்பர். 1993 நவம்பரில், அந்த அப்பாவி சிறையில் இருந்தபோது, லண்டனின் பிளம்ஸ்டெட்டில் இன்னொரு தாயையும் அவருடைய 4 வயது மகளையும் கொன்றான். பின்னால் மேம்பட்ட டிஎன்ஏ சோதனைதான் விம்பிள்டன் வழக்கில் அவனைக் காட்டியது. 2008 டிசம்பரில் ஒப்புக்கொண்டான். இத்தனைக்கும் 1989லேயே அவன் தாய் போலீசுக்குப் போன் செய்து, ஒரு பெண்ணைக் கெடுத்ததாக மகன் தன்னிடம் சொன்னான் என்று தெரிவித்திருந்தார். சரியாகத் தேடாமல் விட்டார்கள். அப்புறம் வேறு பாலியல் வழக்குகளில் அவன் பெயர் வந்தபோது, தேடுகிற ஆளைவிட உயரம் அதிகம் என்று நீக்கிவிட்டார்கள்.

இன்று பிரிட்டனில் இந்த வேலையைச் செய்பவர்கள் போலீசுக்கு ஆலோசகர்கள். எந்தக் குற்றங்கள் ஒரே ஆளுடையவை, யாரிடம் முதலில் டிஎன்ஏ மாதிரி எடுப்பது, சாட்சியிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று யோசனை சொல்கிறார்கள். கோட்டின் நிறத்தை அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

நன்றி, வணக்கம்.